அது மின்கசிவு இல்லைங்க, என் கெபாசிட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற திங்கட்கிழமை கோவைப் பதிப்பு ஏழாம் பக்கத்தின் கீழ்மூலையில் ஐந்து வரிச் செய்தி ஒன்று போட்டிருந்தீர்கள். ‘கல்லூரி மாநாட்டில் மின்கசிவு: அறையில் புகை, மாணவர்கள் அலறியடித்து ஓட்டம்’ என்று தலைப்பு. அந்தப் புகைக்குச் சொந்தக்காரன் நான். செய்தியில் என் பெயரும் இல்லை, கல்லூரியின் பெயரும் இல்லை. அதற்கு நன்றி, நானும் அதை அப்படியே விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த ஐந்து வரியைக் கத்தரித்து ஒருவர் கோப்பில் ஒட்டிவிட்டார். அதனால், பழைய கம்ப்யூட்டர் பைத்தியங்கள் நாங்கள் அந்த மாநாட்டில் ஓர் அறை கேட்டு வாங்கிக் கூடுகிற காரியம் நின்றுபோகிற நிலைக்கு வந்துவிட்டது. கடிதம் நீளமாகத்தான் வரும். வெட்டுவதாக இருந்தால் என்னைப் பற்றிய பகுதியை வெட்டுங்கள், கெபாசிட்டரை வெட்டாதீர்கள்.

முதல் திருத்தம், அது மின்கசிவு இல்லை. நம் பக்கம் பஞ்சுக் குடோன் எரிந்தாலும் மின்கசிவு, தேங்காய் நார் மில் எரிந்தாலும் மின்கசிவு. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் 34 வருசம் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தச் சொல்லைப் படித்தாலே எனக்குச் சுர்ரென்று வரும். மின்சாரம் போகக் கூடாத வழியில் போனால்தான் கசிவு. அன்றைக்கு அப்படி எதுவும் போகவில்லை. கசிந்தால் லைனைத் துண்டிக்கிற டிரிப்பர் கல்லூரியில் அசையக்கூட இல்லை. வெடித்தது, 1980களில் செய்த பி.பி.சி. மைக்ரோ என்ற கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் இருந்த ஒரு கெபாசிட்டர். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது, மஞ்சளாகக் கண்ணாடி போல இருக்கும். லைனில் வரும் இரைச்சலை வடிகட்ட ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் போட்டிருப்பார்கள். உள்ளே காகிதச் சுருள், மேலே பிசின் ஓடு. வருசக்கணக்கில் அந்த ஓட்டில் மயிரிழை விரிசல் விழும். காற்றில் இருக்கும் ஈரம் அது வழியாக உள்ளே போகும், காகிதம் அதைக் குடித்துவிட்டுச் சும்மா கிடக்கும். ரொம்ப நாள் கழித்து ஸ்விட்சைப் போட்டால் உள்ளேயே சூடேறிப் பத்து நிமிடத்தில் டப். அப்புறம் வெள்ளைப் புகை. அப்புறம் ஒரு நாற்றம், பீடியும் கருவாடும் சேர்ந்து கருகின மாதிரி. அந்தக் கெபாசிட்டர் இல்லாமலும் கம்ப்யூட்டர் ஓடும். அன்றைக்கும் ஓடியது. புகைக்கு நடுவில் திரையில் ‘பி.பி.சி. கம்ப்யூட்டர் 32கே’ என்ற எழுத்து ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன்.

இரண்டாவது திருத்தம், மாணவர்கள் ஓடியது உண்மை. ஆனால் வெளியே ஓடவில்லை, உள்ளே ஓடி வந்தார்கள். பக்கத்து அரங்கில் செயற்கை நுண்ணறிவு பற்றிய உரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் நாற்றம் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, ‘என்னாச்சுங்க? எதுங்க வெடிச்சுது? காட்டுங்க’ என்று மேஜையைச் சுற்றிக்கொண்டார்கள். அதுவரைக்கும் அறையில் 23 பேர். அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. முறையாக நடந்துகொண்டவர் ஒரே ஒருவர்தான், மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த வாசல் வாட்ச்மேன். அவரைச் செய்தியில் காணோம்.

தப்பு என்னுடையது என்பதையும் எழுதிவிடுகிறேன். வருகிற எல்லோருக்கும் ஒரு வாரம் முன்பே போன் போட்டு, ‘பழசைக் கொண்டாந்தீங்கன்னா மொதல்ல திறந்து பாருங்க, சீரிஸ் லேம்ப் போட்டு ஏத்துங்க’ என்று சொன்னவன் நான். குண்டு பல்பு ஒன்றை வரிசையில் மாட்டி அதன் வழியாக மின்சாரம் கொடுத்தால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும், பொருள் தப்பிக்கும். மில்லில் முதல் வருசம் கற்றுக்கொண்ட பாடம். என்னுடையதை மட்டும் அட்டாலியில் இருந்து இறக்கி, துணியால் துடைத்து, நேராகக் கொண்டுபோய் மாட்டிவிட்டேன். ரெண்டு வருசம் முன்பு ஓடியதே என்ற தைரியம். வீட்டம்மா இன்றைக்கும் கேட்கிறாள், ‘ஊருக்கெல்லாம் சொன்னீங்களே?’ என்று.

ஒரு மாநாட்டில் இந்தப் பழைய சாமான்களுக்கு என்ன வேலை என்று உங்கள் வாசகர்கள் கேட்பார்கள். அங்கேதான் விசயமே இருக்கிறது.

2010 ஜூன் மாதம் கோவை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அதனுடனேயே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. நானும் போனேன். உரைகள் எதுவும் இப்போது ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது வெளியே அவிநாசி ரோட்டு ஓரம் நின்று குடித்த டீ. பக்கத்தில் நின்றவர் கோபிச்செட்டிபாளையத்தில் அச்சகம் வைத்திருப்பவர். அந்தச் சமயத்தில்தான், எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரு எழுத்துக்கு ஒரே எண் என்று வைக்கிற யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணை போட்டது. எல்லோருக்கும் சந்தோசம், அவர் மட்டும் டம்ளரை உருட்டிக்கொண்டு, ‘அது சரிங்க, என்ற பழைய ஃபைலெல்லாம் என்னங்க ஆகறது?’ என்றார். என்னிடம் பதில் இல்லை. மாநாட்டுக்குள்ளே பதில் தெரிந்தவர்கள் நூறு பேராவது இருந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் மேடையில், இவர் டீக்கடையில். நடுவில் அடையாள அட்டை, கூப்பன், பந்தல், போலீஸ். இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கப் பதினைந்து வருசம் ஆயிற்று. கிடைத்தது எங்கே என்றால், உங்கள் செய்தியில் ‘அறையில் புகை’ என்று வந்ததே, அதே அறையில். அதைப் பிறகு சொல்கிறேன்.

வெளிநாட்டுத் தொழில்நுட்ப மாநாடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. நிகழ்ச்சி நிரலில் இருக்கும் உரைகள் ஒரு பக்கம் நடக்கும். இன்னொரு பக்கம், ஒரே விசயத்தில் பைத்தியமாக இருப்பவர்கள் பலகையில் எழுதிப்போட்டால் ஓர் அறையை ஒரு மணி நேரம் கொடுத்துவிடுவார்கள். ஒரே இறகுப் பறவைகள் என்று அதற்குப் பெயர். நாம் இனம் இனத்தோடு என்று சொல்கிறோமே அதுதான். இணையத்தின் விதிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பிலேயே புதிய பணிக்குழுக்கள் பல இப்படிப்பட்ட கூடுகையில்தான் முளைக்கின்றன. பிரஸ்ஸல்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் வருசா வருசம் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாட்டில் கட்டணமும் கிடையாது, பதிவும் கிடையாது. நேராக உள்ளே போகலாம்.

இன்னும் பழைய கதை ஒன்று. 1975 மார்ச் 5ஆம் தேதி கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், கோர்டன் ஃப்ரெஞ்ச் என்பவர் வீட்டுக் கார் ஷெட்டில் முப்பது பேர் சொச்சம் கூடினார்கள். நடுவில் ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டர் கிட் ஒன்று. திரையும் கிடையாது, கீபோர்டும் கிடையாது, முகப்பில் ஸ்விட்சும் விளக்கும்தான். கூட்டம் பெருத்ததும் ஸ்டான்ஃபோர்டு துகள் முடுக்கி ஆய்வு மையத்தின் அரங்குக்கு மாறினார்கள். லீ ஃபெல்சன்ஸ்டீன் என்பவர் கூட்டத்தை நடத்துவார். முதல் பாதியில் ஒவ்வொருவரும் எழுந்து தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். இரண்டாம் பாதியில் எல்லோரும் எழுந்து, தனக்கு வேண்டியவரைத் தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் வேறென்ன நடக்கிறது? துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது ஒன்றுதான் பாக்கி. அந்தக் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஸ்டீவ் வோஸ்னியாக் தன் சர்க்யூட் படத்தை நகல் எடுத்து எல்லோருக்கும் சும்மாவே கொடுத்தார். அதுதான் ஆப்பிள் கம்பெனியின் முதல் கம்ப்யூட்டர், ஆப்பிள்-1.

நாங்கள் அந்த அளவுக்கெல்லாம் இல்லை. பல்லடத்தில் ஒருவர், திருப்பூரில் இரண்டு பேர், பொள்ளாச்சியில் ஓர் ஆசிரியை, ஈரோட்டில் ஒரு பையன், இப்படி ஊருக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கிறோம். பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என்ன லாபம் என்று எங்களைக் கேட்காத ஒறம்பரை இல்லை. காங்கயம் காளையைக் கட்டி வைத்திருப்பவரிடம் போய் யாரும் அதைக் கேட்பதில்லை என்று நான் சொல்லுவேன். கல்யாண மண்டபத்திலோ வீட்டுப் பொடக்காலியிலோ கூடலாமே என்றால், கூடலாம், கூடியும் பார்த்தோம். வந்த ஆறு பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இரண்டாம் முறையும் அதே ஆறு பேர், அதே பேச்சு. இளசுகள் இருக்கிற இடத்துக்கு நாம்தான் போக வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. இளசுகள் மாநாட்டில் இருக்கிறார்கள்.

மாநாட்டு ஒருங்கிணைப்பாளர் அன்னூர்க்காரர், இளம் பேராசிரியர், நல்ல தம்பி. அவரிடம் போய்க் கேட்டபோது படிவத்தை நீட்டினார். தலைப்பு, சிறப்பு விருந்தினர், பேச்சாளர் விவரக்குறிப்பு, எதிர்பார்க்கும் பயன், சான்றிதழ் எண்ணிக்கை என்று கட்டங்கள்.

‘சார், பேச்சாளர் யாருன்னு போடறதுங்க?’

‘யாரும் இல்லீங்க தம்பி. எல்லாரும் பேசுவாங்க.’

‘அப்ப பொன்னாடை?’

‘வேண்டாங்க. ரெண்டு மேஜை, நாலு பிளக் பாயின்ட், ரெண்டு மணி நேரம். அவ்வளவுதான்.’

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. செலவே இல்லாத நிகழ்ச்சியை எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவது என்று உண்மையாகவே கவலைப்பட்டார். கடைசியில் ‘பாரம்பரியக் கணினிகள்: கலந்துரையாடல்’ என்று அவரே ஒரு பெயர் வைத்து, சிறப்பு விருந்தினர் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வாசலில்தான் முதல் சோதனை. வாட்ச்மேன் என் பையைத் திறந்து பார்த்து, ‘ஏனுங்க, இது இரும்புக் கடைக்குப் போறதுங்களா?’ என்றார். கல்லூரியில் இருந்து எந்தக் கம்ப்யூட்டரும் வெளியே போகக் கூடாது என்பது விதி. உள்ளே வந்ததற்குப் பதிவு இருந்தால்தான் வெளியே விடுவார். நியாயம்தான். ஒவ்வொரு பொருளையும் தலைகீழாகக் கவிழ்த்து வரிசை எண்ணைத் தேடி எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் போய்விட்டது. பொள்ளாச்சி டீச்சரம்மா மட்டும் வீட்டிலேயே ஒரு தாளில் எண்களை எழுதி இரண்டு நகல் எடுத்து வந்து, ஒன்றை நீட்டிவிட்டு நேராக உள்ளே போனார். இனிமேல் இப்படிக் கூட நினைப்பவர்கள் அதைச் செய்யுங்கள். ஜங்ஷன் பாக்ஸும் சொந்தமாகக் கொண்டு வாருங்கள். எங்களுக்குச் சொன்ன டிராயிங் ஹாலை முந்தின நாள் இரவு விருந்தினர் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். கிடைத்தது லேப்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டோர் ரூம். அதில் பிளக் பாயின்ட் இரண்டு. டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தேன், ஒன்றில் எர்த் இல்லை. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், கை கேட்கவில்லை.

டீச்சரம்மா கொண்டு வந்தது 8085 என்ற சில்லைப் பழகுவதற்கான கிட். பாலிடெக்னிக்கில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்: பச்சை போர்டு, பதினாறு எழுத்து பட்டன்கள், சிவப்பு எண்கள். அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. ‘மூணு ஈ, சைபர் அஞ்சு, சைபர் ஆறு, சைபர் மூணு, எட்டு சைபர், ஏழு ஆறு’ என்று வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொண்டே அழுத்தினார். ஐந்தையும் மூன்றையும் கூட்டுவதற்கு இவ்வளவு. விடை வந்து நிற்கும் ஏ ரெஜிஸ்டரில் 08 என்று சிவப்பாக எரிந்ததும் பின்னால் நின்ற மூன்றாமாண்டுப் பிள்ளைகள் கை தட்டினார்கள். லட்சக்கணக்கான வரிகளை யாரோ எழுதிவைத்த நூலகத்தில் இருந்து எடுத்து ஓட்டுகிறவர்கள் அவர்கள். கூட்டல் எங்கே நடக்கிறது என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறோம் என்று ஒரு பையன் சொன்னான்.

பல்லடத்து விசைத்தறிக்காரரிடம் இருப்பது இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டர். ரப்பர் பட்டன், 48 கே.பி. நினைவகம், உள்ளே இசட்80 சில்லு. அந்தச் சில்லு 1976இல் வந்தது. அதற்கு ஆர்டர் எடுப்பதை 2024 ஜூனில்தான் அதைச் செய்யும் ஜைலாக் கம்பெனி நிறுத்தியது. என் மில்லில் சில இயந்திரங்களின் கன்ட்ரோல் போர்டில் அதே சில்லுதான். ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறேன். ஸ்பெக்ட்ரத்துக்கு நிரல் கேசட்டில் இருந்து ஏறும். அவருடைய டேப் ரெக்கார்டரின் பெல்ட் கூழாகிப்போனதால், ஒலியை செல்போனில் ஏற்றிக்கொண்டு ஹெட்போன் துளையில் இருந்து வயர் கொடுத்தார். திரை ஓரத்தில் முதலில் சிவப்பும் நீலப்பச்சையுமாகக் கோடுகள், அப்புறம் நீலமும் மஞ்சளுமாக. ஒரு விளையாட்டு ஏற ஐந்து நிமிடம் ஆகும். அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நாலாவது நிமிடத்தில் அவர் சம்சாரம் போன் போட்டுவிட்டார். ரிங்டோன் நேராகக் கம்ப்யூட்டருக்குள் போய் ‘டேப் லோடிங் எரர்’. அவர் அங்கேயே நின்று, ‘ஆமா, சாப்ட்டேன், வெச்சுடு’ என்று சொல்லிவிட்டு முதலில் இருந்து ஆரம்பித்தார்.

வெளி வராந்தாவில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் பெட்டிகள் வருசம் ஆக ஆகப் பழுத்த இலை போல மஞ்சளாகிவிடும். தீப்பிடிக்காமல் இருக்க அந்தப் பிளாஸ்டிக்கில் புரோமின் சேர்த்திருப்பார்கள், அதன் வேலை என்பார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடும் வெயிலும் சேர்ந்தால் மஞ்சள் போகும். வெளிநாட்டில் இதற்கு தலைமுடிச் சாயம் விற்கும் கடையில் குட்டிக் குட்டி டப்பாவாக வாங்குகிறார்கள். எங்கள் கூட்டத்தில் திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் பனியன் துணி வெளுப்பதற்கு வாங்குவதே அதுதான். 50 சதவீதக் கரைசல் கையில் பட்டால் தோல் வெந்துவிடும் என்பதால் கையுறை போட்டு, நாலு பங்கு தண்ணீருக்கு மேல் கலந்து, பட்டன்களைக் கண்ணாடித் தட்டில் மூழ்க வைத்து, சித்திரை வெயிலில் வைத்தார். பொழுதோட எடுத்துக் கழுவியபோது தேங்காய்ச் சில்லு மாதிரி இருந்தன. ‘துணியா இருந்தா இன்னும் சித்த நேரத்துல எடுத்திருப்பேன்’ என்றார்.

இப்போது கோபிக்காரர். அவர் வருவார் என்று எனக்கே தெரியாது. பிஸ்கட் டப்பா ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ்ஸில் வந்து இறங்கினார். டப்பாவுக்குள் மூன்றரை அங்குல ஃப்ளாப்பி பதினொன்று. 1990களில் அவருடைய அப்பா அச்சகத்துக் கம்ப்யூட்டரில் அடித்த வேலைகள்: கும்பாபிசேக நோட்டீஸ், காதுகுத்துப் பத்திரிகை, சீட்டுக் கம்பெனி பாஸ்புக். அதோடு, அவர்கள் ஊர்க் கல்யாணங்களில் சொல்லும் வாழ்த்தை ஒரு பெரியவர் வாயால் சொல்லச் சொல்ல அப்பா டைப் அடித்து வைத்தது. சொன்னவரும் இல்லை, அடித்தவரும் இல்லை.

ஃப்ளாப்பியைப் படிக்கும் கருவியைத் திருப்பூரில் எம்பிராய்டரி மெஷின் மெக்கானிக்காக இருக்கும் தம்பி கொண்டு வந்திருந்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. திருப்பூரில் ஓடும் பழைய எம்பிராய்டரி மெஷின்கள் டிசைனை ஃப்ளாப்பியில்தான் வாங்கும். ஃப்ளாப்பி கிடைக்காததால் அந்த இடத்தில் பென் டிரைவ் போடும் கோடெக் என்ற பெட்டியைப் பொருத்துகிறார்கள். அதே கோடெக்கைத்தான் உலகம் முழுக்கப் பழைய கம்ப்யூட்டர் பிரியர்களும் பொருத்துகிறார்கள். கீர் ஃப்ரேசர் என்பவர் அதற்காக எழுதி இலவசமாக வெளியிட்ட மென்பொருளைப் போட்டால் அந்தப் பெட்டி இன்னும் பல வகை வட்டுகளைப் புரிந்துகொள்ளும். இந்தத் தம்பிக்கு அது பிழைப்பு, எங்களுக்கு அது பொழுதுபோக்கு. அதே ஃப்ரேசர் வடிவமைத்த இன்னொரு சிறிய போர்டு ஃப்ளாப்பியில் இருக்கும் காந்தத் தடத்தையே அப்படியே படித்துக் கொடுக்கும். தம்பி ஒவ்வொரு ஃப்ளாப்பியின் தகரக் கதவையும் விலக்கி, பூஞ்சை பிடித்த இடத்தை ஆல்கஹாலால் சுற்றிச் சுற்றித் துடைத்துவிட்டுப் போட்டார். எட்டு முழுதாகப் படித்தது. இரண்டு அரைகுறை. ஒன்று வாயே திறக்கவில்லை.

திறந்து பார்த்தால் எழுத்து இல்லை, கிறுக்கல். யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளுக்கு எண் கொடுத்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித்தான் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற குறியாக்கங்களும் தரமாக வந்தன. இது அதற்கும் முந்தியது. அந்த எழுத்துருவும் போய்விட்டது, அதை விற்ற கடையும் இல்லை. கோபிக்காரர், ‘போதுங்க, படிச்சதே பெரிசு’ என்று டப்பாவை மூடப் போனார்.

புகை நாற்றத்துக்கு ஓடி வந்தார்கள் என்றேனே, அவர்களில் தாராபுரத்துப் பிள்ளை ஒன்று. மூன்றாமாண்டு படிக்கிறது. கெபாசிட்டரைப் பார்த்துவிட்டுப் போகாமல் எங்கள் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தது. ‘இதோட அச்சடிச்ச தாள் ஏதாச்சும் இருக்குங்களா?’ என்று கேட்டது. கோபிக்காரர் பர்ஸில் இருந்து ஒரு பழைய நோட்டீஸை எடுத்தார். அதுவும் ஒரு ஃப்ளாப்பியில் இருந்தது. அந்தப் பிள்ளை தாளையும் திரையையும் பக்கத்தில் வைத்து, எந்தக் கிறுக்கல் எந்த எழுத்து என்று நோட்டில் இரண்டு பத்தியாக எழுத ஆரம்பித்தது. அரை மணி நேரத்தில் மடிக்கணினியில் பைத்தான் என்ற நிரல் மொழியில் சின்ன நிரல். ஓட்டினால் முதல் வரி இப்படி வந்தது: ‘ெகாங்கு’. கொம்பு முன்னால் தனியாக நிற்கிறது. பழைய எழுத்துருக்களில் கையால் எழுதுகிற வரிசையிலேயே கொம்பு, மெய், கால் என்று அடுக்கியிருப்பார்கள். யூனிகோடில் மெய் முன்னால், அதன் உயிர்க்குறி பின்னால். அதை அந்தப் பிள்ளைக்கு டீச்சரம்மா ஒரு வரியில் சொன்னார். பிள்ளை ‘ஓ’ என்றது, நாலு வரி சேர்த்தது, மறுபடி ஓட்டியது. ‘கொங்கு’ என்று வந்தது.

கோபிக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரி வரியாக வாசித்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நிறுத்தி, ‘அம்மணி, இங்க கருப்பட்டிக்கு ‘று’ போட்டிருக்குது. திருத்திராதே. எங்கப்பா எப்பவும் அப்பிடித்தான் அடிப்பார்’ என்றார்.

டீக்கடையில் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். அது எந்த நிகழ்ச்சி நிரலிலும் இல்லை. என் கெபாசிட்டர் வெடிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பக்கத்து அரங்கிலேயே உட்கார்ந்திருக்கும்.

இரண்டு மணி நேரம் கேட்டோம்; நாலரை மணி நேரம் இருந்தோம். மாநாட்டுச் சாப்பாட்டுக் கூப்பன் எங்களுக்குக் கிடையாது. வீட்டில் இருந்து கட்டிக்கொண்டு போன அரிசிம்பருப்புச் சாதத்தை ஸ்டோர் ரூம் வாசலில் உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிட்டோம். மாணவர்கள் கூப்பனை விட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்தார்கள். அடுத்த வருசமும் வாருங்கள் என்று ஒருங்கிணைப்பாளர் தம்பி சொன்னார். அது சனிக்கிழமை.

திங்கட்கிழமை உங்கள் செய்தி. புதன்கிழமை அவரிடம் இருந்து போன். நிர்வாகத்தில் பத்திரிகைத் துண்டைக் கோப்பில் ஒட்டி, இனிமேல் வெளியாட்கள் மின்சாதனம் கொண்டு வருவதாக இருந்தால் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று எழுதிவிட்டார்களாம். இரண்டு மேஜைக்கும் ஒரு ஸ்பெக்ட்ரத்துக்கும் எந்தத் தீயணைப்பு அதிகாரி வந்து சான்று கொடுப்பார்? ஜி.டி. நாயுடு வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் போட்ட ஊர் இது; அவர் எந்தச் சான்று வாங்கினார்? கோபத்தில் எழுதுகிறேன், இந்த வரியை நீங்கள் வெட்டினாலும் பரவாயில்லை.

நிர்வாகத்தைக் குறை சொல்ல மாட்டேன். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பொறுப்பு ஏற்றவர்கள், பத்திரிகையில் ‘மின்கசிவு’ என்று வந்தால் பயப்படத்தான் செய்வார்கள். நான் கேட்பது இவ்வளவுதான். கோவை, ஈரோடு, நாமக்கல் என்று நம் பக்கம் வருசம் முழுக்கத் தொழில்நுட்ப மாநாடு நடத்தும் கல்லூரிகளில், யாராவது இரண்டு மேஜை கேட்டு வந்தால் கொடுங்கள். ஓர் எலக்ட்ரீசியனைப் பத்து நிமிடம் வரச் சொல்லி, மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் சீரிஸ் லேம்பில் பார்க்கச் சொல்லுங்கள். கூப்பிட்டால் நானே வருகிறேன், கூலி வேண்டாம். அறை வாசல் கதவைத் திறந்து வையுங்கள். அடையாள அட்டையைக் கேட்காதீர்கள்.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. அதே ஏழாம் பக்கத்தில், அதே ஐந்து வரி அளவுக்கு ஒரு திருத்தம் போடுங்கள். போட்டால் அதையும் கோப்பில் ஒட்டிவிடுகிறேன் என்று அன்னூர்த் தம்பி சொல்லியிருக்கிறார்.

மைக்ரோவில் பழைய கெபாசிட்டர்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். வெடித்ததை இந்தக் கடிதத்தோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் வைத்து அனுப்பியிருக்கிறேன். செய்தி எழுதிய நிருபர் தம்பியிடம் காட்டுங்கள். உறையைத் திறக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், நாற்றம் இன்னும் போகவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மில் எலக்ட்ரீசியன்,
சிங்காநல்லூர், கோவை.